சின்னக் குளத்தில் பூச்சியுண்ணும் நீர்ச்செடி: அல்லித் தொட்டியிலேயே விடலாமா?

தொட்டித்தோழன்

வணக்கம். வீட்டில் சுமார் 300 லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு அல்லி, கொஞ்சம் வேலம்பாசி, கப்பி மீன்கள். தண்ணீர் தெளிவாகவே இருக்கும். செடி வளர்க்கும் நண்பர் ஒருவர் யூட்ரிகுலேரியா என்ற பூச்சியுண்ணும் நீர்ச்செடி ஒரு கைப்பிடி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது பிழைத்தால் ஆல்ட்ரோவாண்டா என்று அதே மாதிரி இன்னொரு செடியும் தருவாராம். இரண்டும் வேரே இல்லாமல் மிதக்கிற செடிகள்தானே, தொட்டியில் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வளராதா? இல்லை, இதற்கென்று தனித் தொட்டி வைத்தே ஆகவேண்டுமா? கப்பிகளை இந்தச் செடி பிடித்துவிடுமா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

கரைக்கோரை

செடியால் கப்பிக்கு வரும் ஆபத்தைவிடக் கப்பியால் செடிக்கு வரும் ஆபத்துதான் பெரிது. இரை பிடிக்கும் பைகள் பெரிதாக உள்ள சில யூட்ரிகுலேரியா வகைகள் அப்போதுதான் பிறந்த மீன்குஞ்சைப் பிடிப்பது உண்டு. ஆனால் அது அபூர்வம். வளர்ந்த கப்பியை ஒன்றும் செய்யாது. கப்பியோ டாப்னியா (தண்ணீர்த் தெள்ளு), சைக்ளாப்ஸ் என்று செடிக்கு இரையாக வேண்டியதையெல்லாம் நாள் முழுக்கத் தின்று தீர்த்துவிடும். கூடவே நீங்கள் போடும் தீவனமும் மீன் கழிவும் தண்ணீரில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தைச் செடியே எடுத்துக்கொள்ளாதா என்று தோன்றும். அதற்கு முன்னால் பாசி எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது அல்லி. அதன் சட்டியில் தொழு உரமோ உர மாத்திரையோ வைத்திருப்பீர்கள், வைக்காமல் அல்லி ஒழுங்காகப் பூக்காது. அதில் ஒரு பங்கு தண்ணீரில் கசியத்தான் செய்யும்.

மூன்றாவது, சிமெண்ட். தொட்டி புதுசா, பழசா? புதுசு என்றால் சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) பத்தைத் தாண்டிவிடும். பல வாரம் தண்ணீர் நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பினால்தான் அடங்கும். பழைய தொட்டி என்றால் பரவாயில்லை, இருந்தாலும் சோதித்துப் பாருங்கள். அடியில் கூழாங்கல், கிளிஞ்சல் போட்டிருந்தால் ஒன்றிரண்டை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், வெளியே எடுத்துவிடுங்கள்.

நான் சொல்வது இதுதான்: அல்லியும் மீனும் இருக்கிறபடி இருக்கட்டும். பக்கத்தில் 80, 100 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்றை வையுங்கள். வாய் அகலமாக இருந்தால் போதும், 25–30 செ.மீ. ஆழம் தாராளம். அடியில் உரம் எதுவும் சேர்க்காத பீட் (சதுப்பு நிலத்து மக்கு) நாலைந்து செ.மீ., அதன்மேல் கழுவிய, சுண்ணாம்பு இல்லாத மணல் ஒரு மெல்லிய அடுக்கு. ஓரத்தில் ஒரு சின்னச் சட்டியில் ஏதாவது ஒரு கோரை, வெறும் மணலில் நட்டு இறக்கிவிடுங்கள். காய்ந்த கோரைத் தாள் ஒரு பிடி நறுக்கித் தண்ணீரில் போடுங்கள். மழைநீரால் நிரப்புங்கள். பிறகு அதைத் தொடாமல் விடுங்கள். தண்ணீர் இளம் பழுப்பாகி, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு டாப்னியா பெருகிய பிறகுதான் செடி. இந்த இடத்தில்தான் நிறைய பேருக்குப் பொறுமை போய்விடுகிறது.

நீர்த்தெள்ளு

அக்கா சொல்வதெல்லாம் ஆல்ட்ரோவுக்குச் சரி. யூட்ரிகுலேரியாவுக்கும் இவ்வளவு கெடுபிடி வேண்டுமா? எங்கள் அல்லித் தொட்டியில் கிப்பா என்ற யூட்ரிகுலேரியா வகை அள்ள அள்ளக் குறையவில்லை. குழாய்த் தண்ணீர், மீன், உரம் எல்லாமே உண்டு. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கிப்பாவைக் களை என்றுதான் திட்டுகிறார்கள். ஆரியா என்ற வகையும் வயல் வாய்க்காலில் தானாக வளர்கிற செடி. புதுசாகத் தொடங்குகிறவரைப் பீட், பிஎச், கோரை என்று பயமுறுத்தினால் ஆசையே விட்டுப்போகும். தோழரே, பேசாமல் தொட்டியில் போடுங்கள், வளரும்.

கரைக்கோரை

வளரும் தம்பி, மறுக்கவில்லை. எந்த வகை என்று பார்க்காமல் "யூட்ரிகுலேரியா" என்று பொதுவாகப் பேசியது என் பக்கத்தில் போதாத பதில்தான். 200-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஈர மண்ணில் வளர்கிறவை. நீரில் மிதப்பவை ஒரு சிறு பங்கு. அந்தச் சிறு பங்கிலும் கிப்பா எதையும் தாங்கும், ஆரியாவும் ஓரளவு தாங்கும்.

ஆனால் உங்கள் தொட்டியிலிருந்து ஒரு கொடியை எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரித்துப் பாருங்கள். பைகள் எத்தனை இருக்கின்றன? சத்து மிகுந்த தண்ணீரில் செடி பை வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பை செய்வதற்கும் அதிலிருந்து தண்ணீரை இறைப்பதற்கும் செடிக்குச் செலவு இருக்கிறது. நைட்ரஜன் சும்மா கிடைக்கிற இடத்தில் அந்தச் செலவு எதற்கு? நீளமான பச்சைக் கொடி வேண்டும் என்றால் அல்லித் தொட்டி போதும். பூச்சியுண்ணும் செடி வேண்டும் என்றால் தண்ணீரில் சத்துக் குறைவாகவும் இரை நிறைவாகவும் இருக்க வேண்டும்.

நீர்த்தெள்ளு

பார்த்தேன். பை இருக்கிறது, ஆனால் படங்களில் பார்க்கிற அளவுக்கு இல்லை. சில கிளைகளில் ஒன்றுகூட இல்லை. சரி, இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். கெடுபிடி அதிகம் என்ற கருத்தை மட்டும் விடமாட்டேன்.

தொட்டித்தோழன்

இருவருக்கும் நன்றி. தனி டப் வைப்பதாக முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். பைக்கு வாய் எங்கே இருக்கிறது, அது எப்படிப் பிடிக்கிறது? அப்புறம், நாமே கையால் இரை கொடுக்க வேண்டுமா?

லென்ஸ்வாத்தியார்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பை பெரும்பாலும் 1 முதல் 5 மி.மீ. வரைதான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு முனையில் வாய், அதை அடைத்து உள்பக்கமாகத் திறக்கும் ஒரு கதவு, கதவின் வெளிப்பக்கம் சில விறைத்த முடிகள். வாயைச் சுற்றி மீசை போல நீண்ட கிளைகளும் இருக்கும், சின்ன உயிர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பக்கம் வந்துவிடும். பையின் சுவர் இரண்டே இரண்டு செல் அடுக்கு. உள்ளே இருக்கும் தண்ணீரைச் செடி சுவர் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் பையின் இரு பக்கமும் குழிந்து நிற்கும். குழிந்த பை என்றால் பொறி தயார் என்று பொருள். இங்க் ஃபில்லரின் ரப்பர் குமிழை அமுக்கிப் பிடித்திருக்கும் நிலை அது. முடியில் ஏதாவது பட்டதும் கதவு உள்ளே மடங்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே போகும், கதவு மூடும். இரை உள்ளே போவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை நாம் பார்க்க முடியாது; குழிந்திருந்த பை உப்பியிருக்கும், அவ்வளவுதான் தெரியும். பிறகு அரைமணி நேரத்துக்குள் தண்ணீரை இறைத்து மறுபடி தயாராகிவிடும். எதுவும் தொடாமலே சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவும் பை வெடித்து உறிஞ்சும்.

இதை ஆரம்பத்தில் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பைகள் செடியை மிதக்க வைக்கத்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1875-இல் டார்வின்கூடச் சின்ன உயிர்கள் தலையால் முட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு போவதாகத்தான் எழுதினார். அதே சமயத்தில் அமெரிக்காவில் மேரி ட்ரீட் என்ற பெண்மணி மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்து, இரை தானாகப் போகவில்லை, கதவுதான் தொட்டால் செயல்படுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

ஒரு சின்ன வேடிக்கை: அமைதியான நேரத்தில் ஒரு கொடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காதருகே வையுங்கள். சடசடவென்று மெல்லிய சத்தம் கேட்கும். பைகள் ஒவ்வொன்றாக வெடித்துக் காற்றை உறிஞ்சுகிற சத்தம் அது. ஒருமுறை கேட்டால் போதும், அடிக்கடி செய்யாதீர்கள். காற்று அடைத்த பையில் வெள்ளிக் குமிழ் தெரியும், அது இரை பிடிக்காது. அதனால்தான் செடியை இடம் மாற்றும்போது கையால் அள்ளக் கூடாது, கிண்ணத்தில் தண்ணீரோடு முகர்ந்து எடுக்க வேண்டும்.

கையால் இரை ஊட்ட வேண்டாம். ஊட்டவும் முடியாது.

தொட்டித்தோழன்

டப் தயாராகிவிட்டது சார். மழைநீர் பாதி, ஆர்ஓ தண்ணீர் பாதி. டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 40-க்குப் பக்கத்தில் காட்டுகிறது. டாப்னியா விட்டிருக்கிறேன், நன்றாகப் பெருகுகிறது. பிஎச் மட்டும் குழப்புகிறது. விடியற்காலையில் 6.6, மதியம் பார்த்தால் 8-ஐத் தொடுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மழைத்தண்ணி

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இரவில் எல்லா உயிர்களும் மூச்சு விடுவதால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சேரும், பிஎச் இறங்கும். பகலில் பாசியும் செடிகளும் அதை எடுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும். உங்கள் தண்ணீரில் உப்புகள் குறைவு என்பதால் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கவும் எதுவும் இல்லை. ஆனால் மதியம் இவ்வளவு ஏறுகிறது என்றால் கண்ணுக்குத் தெரியாமல் பாசி வேலை செய்துகொண்டிருக்கிறது. டப்பின் சுவரை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஆல்ட்ரோவாண்டா நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டும்தான் பயன்படுத்தும். வேலம்பாசி மாதிரியான செடிகள் அது தீர்ந்தபின் பைகார்பனேட்டை வைத்துச் சமாளித்துக்கொள்ளும், ஆல்ட்ரோவால் அது முடியாது. அதனால் வேலம்பாசியை இந்த டப்புக்குள் கொண்டுவராதீர்கள். நுனி சிறுத்துக்கொண்டே போகிறது, என்ன குறை என்று தெரியவில்லை என்று வருகிற கேள்விகளில் பாதிக்குப் பதில் இந்த வாயுதான். எல்லாரும் இரை, உரம் என்று யோசிப்பார்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. அக்கா காய்ந்த கோரைத் தாளும் பீட்டும் போடச் சொன்னது இதற்காகத்தான். அவை மெதுவாக மக்கும்போது அந்த வாயுவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நைட்ரஜன் பெரிதாக வராது. பச்சை இலை போட்டால் தலைகீழாகிவிடும், தண்ணீர் நாறும்.

இப்போதைக்கு மேலே பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டுங்கள். கோரைத் தாள் இன்னொரு பிடி. உயிருள்ள கோரை வேர் பிடித்து வளரத் தொடங்கினால் மிச்சச் சத்தை அது இழுத்துக்கொள்ளும்.

நீர்த்தெள்ளு

பாசிக்குக் கடையில் மருந்து விற்கிறதே, இரண்டு சொட்டு விட்டால் வேலை முடிந்தது.

கரைக்கோரை

முடிந்துவிடும், டாப்னியாவின் கதையும் சேர்த்து. அந்த மருந்துகளில் நிறைய தாமிரம் கலந்தவை. தண்ணீர்த் தெள்ளு போன்ற உயிர்கள் மிகக் குறைந்த அளவு தாமிரத்துக்கே செத்துவிடும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்களே இதைச் சொல்லலாமா?

பாசியில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரே பச்சையாக இருந்தால் டாப்னியா தின்று தெளிய வைத்துவிடும். நூல்பாசியை அது தொடாது. நூல்பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும், பழைய டூத்பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி. யூட்ரிகுலேரியாவோடு பின்னிக்கொண்டால் பிரிப்பது நடக்காத காரியம். சுத்தமான நுனிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவதே நல்லது. சின்ன நத்தைகள் கொஞ்சம் உதவும். பெரிய குளத்து நத்தைகள் செடியையே தின்னும்.

தொட்டித்தோழன்

நிழல்வலை கட்டிய பிறகு மதியம் 7.2-க்கு மேல் போவதில்லை. யூட்ரிகுலேரியா வந்து சேர்ந்துவிட்டது, ஆரியா என்றார். கூடவே ஆல்ட்ரோ நான்கு துண்டும் கொடுத்துவிட்டார், ஒவ்வொன்றும் விரல் நீளம். மூன்றில் பின்பகுதி பழுப்பாகி அழுகுகிறது. நுனி பச்சையாக இருக்கிறது. போய்விடுமா?

மழைத்தண்ணி

பின்பக்கம் அழிவது அதன் இயல்பு. ஆல்ட்ரோ முன்பக்கம் வளர்ந்துகொண்டே போகும், பின்பக்கம் அழிந்துகொண்டே வரும். அதனால் நீளம் பெரிதாக மாறாது. நன்றாக இருக்கும்போது நாளுக்கு ஒரு புதிய இலைச்சுற்று வைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நுனியை மட்டும்தான். நுனிமொட்டு கொழுகொழுவென்று, புதிய சுற்றுகள் பழையவற்றைவிட அகலமாக வந்தால் கவலையே வேண்டாம். சுற்றுக்குச் சுற்று சிறுத்தால்தான் யோசிக்க வேண்டும். இடம் மாறிய முதல் சில நாட்களில் பின்பகுதி வேகமாகப் போவது சகஜம். அழுகிய பகுதியைக் கிள்ளி வெளியே போட்டுவிடுங்கள், நுனியிலிருந்து நாலைந்து செ.மீ. இருந்தால் போதும்.

லென்ஸ்வாத்தியார்

அதன் பொறியையும் பார்த்துவிடுங்கள். யூட்ரிகுலேரியா உறிஞ்சும், இது கவ்வும். ஒவ்வொரு இலையின் முனையிலும் இரண்டு மடல், உள்ளே உணர்முடிகள். நிலத்தில் வளரும் டயோனியாவுக்கு (வீனஸ் ஈப்பொறிச் செடிக்கு) இதுதான் மிக நெருங்கிய உறவு. வெதுவெதுப்பான நீரில் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடிவிடும், குளிர்ந்த நீரில் மந்தமாகிவிடும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் மூடிய மடலுக்குள் ஆஸ்ட்ரகாட் என்ற ஓடுள்ள சின்ன நீருயிர் ஒன்று கறுத்த புள்ளியாகத் தெரியலாம். சோதிக்கிறேன் என்று ஊசியால் குத்தாதீர்கள். ஒவ்வொரு பொறியும் சில தடவைதான் வேலை செய்யும்.

தொட்டித்தோழன்

ஆஸ்ட்ரகாட் இல்லை சார், கால் ஆட்டிக்கொண்டு ஏதோ இருந்தது. வீட்டில் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். இப்போது அடுத்த கேள்வி கொசு. இந்த டப்பில் மீன் இல்லை. கொசுப்புழுவைச் செடியே தின்றுவிடும் என்று நண்பர் சொல்கிறார், நம்பலாமா?

கரைக்கோரை

முட்டையிலிருந்து வந்த புதுப் புழுக்களை இரண்டுமே நன்றாகப் பிடிக்கும். வளர்ந்த புழு வாலில் மாட்டிக்கொண்டு பைக்கு வெளியே தொங்குவதும் உண்டு. ஆனால் செடி அடர்ந்து வளரும்வரை அதை மட்டும் நம்பி டப்பை விட்டுவைக்கக் கூடாது. புழு தென்பட்டால் பிடிஐ போடுங்கள். அது கொசுப்புழுவின் குடலில் வேலை செய்கிற பாக்டீரியா மருந்து, சொன்ன அளவில் போட்டால் டாப்னியாவுக்கு ஒன்றும் ஆகாது. மண்ணெண்ணெய், எண்ணெய்ப் படலம் எல்லாம் இங்கே ஆகாது.

நீர்த்தெள்ளு

குளிர்காலம் வந்தால் என்ன செய்வது? ஆல்ட்ரோ உருண்டையாகி மூழ்கிவிடும் என்று படித்தேன்.

மழைத்தண்ணி

எந்தப் பகுதியிலிருந்து வந்த ரகம் என்பதைப் பொறுத்தது. குளிர்ப் பகுதி ரகங்கள் நாள் குறுகும்போது நுனியைச் சுருட்டி இறுக்கமான மொட்டாகி அடியில் போய்த் தூங்கும், தண்ணீர் சூடேறினால் மேலே வரும். வெப்பமண்டல ரகங்கள் அப்படிச் செய்வதில்லை, குளிரில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். செத்துவிட்டது என்று நினைத்து அந்த மொட்டுகளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. கொடுத்தவரிடம் ரகம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டித்தோழன்

கேட்டேன், மொட்டு வைக்காத ரகம் என்றார். ஆல்ட்ரோ இப்போது கிளைவிடத் தொடங்கியிருக்கிறது. ஆரியா டப்பில் பாதியை அடைத்துவிட்டது, தண்ணீருக்கு மேல் ஒரு மஞ்சள் பூவும் வந்திருக்கிறது. அதிகமானதைப் பக்கத்து ஏரியில் விட்டால் அங்கேயும் கொசு குறையுமே?

கரைக்கோரை

கூடவே கூடாது. ஆல்ட்ரோவாண்டா ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்துவிட்ட செடி, உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதே செடி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அதற்குச் சம்பந்தமே இல்லாத குளங்களில் ஆர்வலர்கள் விட்டதால் பரவிக் கிடக்கிறது. யூட்ரிகுலேரியாவிலும் அப்படி ஊர் மாறிப் போய்த் தொல்லை தருகிறவை உண்டு. போதாக்குறைக்கு உங்கள் டப்பில் இருக்கும் நூல்பாசியும் நத்தை முட்டையும் சேர்ந்து போகும். மிஞ்சியதை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள். மழையில் டப் வழிந்தால் சாக்கடைக்குப் போகாதபடி வழியும் இடத்தில் மெல்லிய வலை கட்டுங்கள்.

நீர்த்தெள்ளு

மிஞ்சியதைக் காயவைக்க வேண்டாம், எனக்குக் கொடுங்கள். நானும் தனி டப் வாங்கிவிட்டேன். அக்கா சிரிக்க வேண்டாம்.

கரைக்கோரை

சிரிக்கவில்லை. அனுப்பும்போது தோழர் ஒன்று கவனிக்க வேண்டும்: வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு கொடியாக விரித்து, தலைமுடி அளவு மெல்லிய கிப்பா இழை ஏதாவது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செ.மீ. துண்டு போதும், புது டப் முழுக்க அதுதான் இருக்கும். நுனிகளை மட்டும் ஜிப் பையில் கொஞ்சம் தண்ணீரோடு, மிச்சம் காற்று நிரப்பி, வெயில் படாமல் அனுப்புங்கள். நீர்த்தெள்ளு தம்பி, உங்கள் டப்பில் டாப்னியா பெருகிவிட்டதா?

நீர்த்தெள்ளு

தண்ணீர் ஊற்றியதே நேற்றுதான்.

கரைக்கோரை

அப்படியென்றால் தோழரே, பையை இப்போதே கட்டாதீர்கள்.